உயிர்க்கொடையும் வாழ்வுக்கடனும்

(ஆலய பரிபாலன சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர்)

எல்லாம் வல்ல சித்தாண்டி ஸ்ரீ சித்திரவேலாயுதப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இச்சிறப்பு மலரிலே சில கருத்துக்களை அடியார்கள் முன் வைக்க விழைகின்றேன். ஆலய வரலாறு பற்றியும் விரத மகிமை பற்றியும் எழுத அறிஞர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. ஆயினும் அது இவ்வாலய வீதியிலே அடிக்கடி பேசப்படுவதுதான்.

எம் வயதையொத்தவர்கள் கூடினால் பேச்சு நெல் விலையில் தொடங்கும், மழையைத் தொடும், பிள்ளைகளின் பரீட்சையைத் தொடும். திருவிழாக் காலமென்றால் கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருந்து வந்த பழைய கூட்டாளிமாரும் சேர்ந்துகொள்வர். எங்கு சுற்றினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் போய் நிற்கும். பிறருக்காக உயிரைக் கொடுத்தவர் பெரியவரா? படித்து முன்னேறிக் குடும்பத்தைக் கரைசேர்த்தவர் பெரியவரா?

ஒரு சாரார், உயிரைக் கொடுத்தவருக்கு முன்னால் மற்றவரெல்லாம் சுயநலக்காரர் என்பர். இன்னொரு சாரார், "செத்து என்ன கண்டோம்? வெளியே போனவர்கள் உழைத்தனுப்பிய காசில்தானே வீடும் எழும்பியது, கோயிலும் எழும்பியது" என்பர். மூன்றாமவர் ஒருவர் இருப்பார். "போராட்டம் என்று பேசியவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையை அனுப்பினார்கள்?" என்று கேட்பார். அத்தோடு குரல் உயரும். சிலர் எழுந்து போவர். சில நாள் முகம் பாராமலும் இருப்பர்.

இது வெறும் வாய்ச்சண்டையன்று. அவ்வேளை அதே வீதியிலே, மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அடியழித்துக்கொண்டிருக்கலாம். எம் பேச்சைக் கேட்டு வளரும் பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கலாம். நாம் சொல்லும் சொல் அந்தத் தாயைச் சுடவும் கூடும். அந்தப் பிள்ளையைத் தவறான வழியில் தள்ளவும் கூடும். ஆகவே இதனை நிதானமாகச் சிந்திப்பது எம் கடமையாகும்.

தியாகமும் கொலையும்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இறந்தவர் எல்லோரையும் தியாகி என்று ஒரே சொல்லால் அழைப்பது எமக்குப் பழகிவிட்டது. அது மரியாதையின் பொருட்டு வந்த வழக்கம்தான். ஆனால் தியாகம் என்பது கொடை. கொடை என்றால் கொடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும்; அவர் தன் விருப்பத்தோடு கொடுத்திருக்க வேண்டும்.

எமது அயற்கிராமமாகிய வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சமடைந்திருந்த மக்களிடமிருந்து 1990 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் எதையும் கொடுக்கப் போனவர்களல்லர். உயிரைக் காத்துக்கொள்ளவே அங்கு போய் இருந்தவர்கள். அவர்களைத் தியாகிகள் என்று சொல்லி முடித்துவிட்டால், எடுத்தவர் யார் என்ற கேள்வி மறைந்துபோகும். அவர்களுக்கு நாம் தர வேண்டியது புகழுரையன்று, உண்மையும் நீதியும்.

அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் இத்தகைய குடும்பங்களின் விண்ணப்பப் படிவங்கள் பல என் மேசைக்கு வந்ததுண்டு. பெயர், வயது, தொழில், மரணத்துக்கான காரணம் என்று நிரல்கள் இருக்கும். தியாகம் என்றொரு நிரல் எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை. மரணச் சான்றிதழே இல்லாதவர்களும் வந்தார்கள். "அவர் செத்துப்போனார் என்று என் கையால் எப்படி எழுதுவது ஐயா?" என்று கேட்ட பெண்களுக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை. காணாமற்போனவரை இறந்தவர் என்று பதியாமலே அவர் இல்லாமையைச் சான்றுப்படுத்த 2016 ஆம் ஆண்டிலேதான் சட்டத்தில் இடம் வந்தது. ஒரு தாய் கால் நூற்றாண்டாகக் கேட்டது அந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.

மாமாங்கத்தில் ஒரு தாய்

தன் உயிரைத் தானே அறிந்து கொடுத்தவர் என்று சொல்லத்தக்கவர் எமது மாவட்டத்திலே அன்னை பூபதி. பத்துப் பிள்ளைகளின் தாய். 1987 இல் வந்த இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் அவ்வாண்டு ஒக்டோபரில் சண்டை மூண்டது. சண்டையை நிறுத்துக, பேச்சுவார்த்தை நடத்துக என்ற இரண்டு கோரிக்கைகளோடு மட்டக்களப்பு அம்பாறை அன்னையர் முன்னணித் தாய்மார் முன்வந்தனர். பூபதி அம்மா 1988 மார்ச் 19 ஆம் திகதி அமிர்தகழி மாமாங்கப் பிள்ளையார் ஆலய முன்றலிலே உணவை விட்டார். ஏப்ரல் 19 ஆம் திகதி அவர் உயிர் பிரிந்தது. அவரது சமாதி நாவலடிக் கடற்கரையில் உள்ளது.

அவர் காலத்து அரசியல் பற்றி அடியார்களிடையே பல கருத்துக்கள் இருக்கலாம். அதை இங்கு ஆராய நான் வரவில்லை. நான் கவனிப்பது மூன்று விடயங்களை. அவர் கொடுத்தது தன் உடம்பை. வேறொருவர் பிள்ளையை அன்று. அவர் கேட்டது எவருடைய அழிவையுமன்று, சண்டை நிற்பதை. அவர் இளம்பராயத்தவருமல்லர், ஐம்பத்தைந்து வயதில், வாழ்வின் நன்மை தீமை கண்டபின் எடுத்த முடிவு அது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் தியாகம் என்ற சொல்லை நாம் சற்றுத் தயங்கித்தான் பாவிக்க வேண்டும்.

விரதமும் உண்ணாவிரதமும்

கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கும் அடியார்களுக்கு ஒன்று தெரியும். விரதத்துக்குப் பாரணை உண்டு. ஏழாம் நாட் காலையில் அடுப்பு மூளும் என்ற நிச்சயத்தோடுதான் நாம் பசித்திருக்கின்றோம். சாகும்வரை உண்ணாவிரதத்துக்கு அந்த நிச்சயம் இல்லை. பாரணை எதிராளியின் கையில் இருக்கிறது.

இது எமது சமயத்துக்குப் புதிதுமன்று. பழையாறை வடதளியிலே மறைக்கப்பட்டிருந்த சிவலிங்கத் திருமேனியைக் காணாமல் உண்ணேன் என்று அப்பர் சுவாமிகள் உணவொழிந்து இருந்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. இறைவன் அரசன் கனவில் உணர்த்த, அரசன் வந்து வழிவிட்டான். அங்கே கேட்க ஓர் இறைவனும், கேட்டதைச் செய்ய ஓர் அரசனும் இருந்தனர்.

காந்தியடிகள் இதை நன்கு அறிந்திருந்தார். அன்புள்ளவரைத் திருத்தவே உண்ணாநோன்பு உதவும், அன்பில்லாதவர் மீது அதைப் பிரயோகிக்கக் கூடாது என்பது அவர் கருத்து. ஆயினும் 1932 செப்டெம்பரில் எரவாடா சிறையில் அவர் இருந்த நோன்பை, அது தம்மீது சுமத்தப்பட்ட நிர்ப்பந்தம் என்று அம்பேத்கர் பின்னர் கடுமையாகக் கண்டித்தார். பசித்திருப்பதும் ஓர் ஆயுதமே. கையில் கத்தி இல்லை என்பதற்காக அது எப்போதும் நியாயமாகிவிடாது. கோரிக்கையையும் பார்க்க வேண்டும்.

பயனைக் கொண்டு அளக்கலாமா?

"செத்து என்ன கண்டோம்?" என்ற கேள்விக்கு வருவோம். ஆந்திர மாநிலம் கேட்டு 58 நாள் உண்ணாதிருந்த பொட்டி சிறீராமுலு 1952 டிசம்பர் 15 ஆம் திகதி இறந்தார். நான்கு நாளில் பிரதமர் நேரு இணங்கினார். மறு ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி ஆந்திரம் உதயமாயிற்று. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுமாறும் வேறு பல கோரிக்கைகளுக்காகவும் விருதுநகரில் 1956 ஜூலை 27 இல் உணவை விட்ட சங்கரலிங்கனார் அவ்வாண்டு ஒக்டோபர் 13 இல் இறந்தார். பெயர் மாறி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரியிலே. பூபதி அம்மா கேட்ட பேச்சுவார்த்தை அவர் இருந்தபோது நடக்கவில்லை. அமைதிப்படை 1990 மார்ச்சில் வெளியேறியது. ஜூனில் மீண்டும் யுத்தம்.

மூவரும் செய்தது ஒரே செயல். பலனோ ஒருவருக்கு நான்கு நாளில், ஒருவருக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, ஒருவருக்கு இல்லை. கேட்பவர் காது எப்படிப்பட்டது என்பதே வேற்றுமை. ஆகவே பயன் இல்லை என்பதால் ஒருவரைத் தாழ்த்துவது நீதியாகாது. அதேவேளை, காது இல்லாத இடத்தில் இன்னொரு உயிரைப் போய் வை என்று இளையவருக்குச் சொல்வதும் நீதியாகாது. முன்னது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம். பின்னது இருப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

இங்கே மணிப்பூரைச் சேர்ந்த இரோம் சர்மிளாவை நினைத்துப் பார்க்க வேண்டும். இராணுவத்துக்கு விசேட அதிகாரம் தரும் சட்டத்தை நீக்கக் கோரி 2000 நவம்பரில் உணவை விட்டார். காவலில் வைத்து மூக்குக் குழாய் வழியாக ஊட்டப்பட்ட நிலையில் அது பதினாறு ஆண்டுகள் நீடித்தது. 2016 ஓகஸ்ட் 9 இல் அவர் அதை முடித்தபோது, அவரைக் கொண்டாடியவர்களில் பலர் முகந்திருப்பிக் கொண்டனர். 2017 தேர்தலில் அவருக்கு விழுந்தவை 90 வாக்குகள். அவர் திருமணம் செய்தார். இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தாயானார். இறந்திருந்தால் சிலை வைத்திருப்பார்கள். உயிரோடு எழுந்து வந்தவருக்கு வீட்டுக் கதவைத் திறக்கத் தயங்கினார்கள். தன் வாழ்வைத் திரும்பக் கேட்க அவருக்கு உரிமை இல்லையா? மற்றவரின் சாவில் தம் பெருமையைத் தேடும் குணம் எமக்குள்ளும் உண்டா என்பதை ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்துக் கேட்க வேண்டும்.

வாழ்ந்தவர் செலுத்தும் கடன்

இனி முன்னேறியவர் பக்கம். இல்வாழ்வான் பேண வேண்டியவை ஐந்து என்று வள்ளுவப் பெருந்தகை வகுத்தார். தென்புலத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்பன அவை. இந்த வரிசையை உற்றுநோக்குங்கள். முதலிடம் இறந்துபோனவர்களுக்கு. கடைசி இடம் தனக்கு. ஆனால் 'தான்' என்பதை அவர் நீக்கிவிடவில்லை. தன்னையும் தன் வாழ்வையும் காப்பது பாவமன்று. அதுவும் ஓர் அறமே. முதல் நான்கையும் மறந்து ஐந்தாவதை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் சுயநலம்.

எமது மண்ணின் சுவாமி விபுலாநந்தர் இதற்குச் சாட்சி. 1892 இல் காரைதீவில் பிறந்து, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் உயர்ந்தவர். அக்காலத்தில் அந்தப் படிப்புக்குப் பெரும் பதவிகள் காத்திருந்தன. அவரோ துறவு பூண்டு, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கி, ஏழைப்பிள்ளைகளுக்குக் கல்வியும் உணவும் கிடைக்கப் பாடுபட்டார். 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றி, அவ்வாண்டே சமாதியடைந்தார். அவர் ஒருநாளும் உயிரைப் பணயம் வைக்கவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்வை முழுமையாகக் கொடுத்தார். தனிமனித வெற்றி என்பது படலையைச் சாத்தாமல் இருந்தால் அதுவும் தியாகமே.

அறுபத்துமூன்று நாயன்மாரையும் எண்ணிப் பாருங்கள். எதிரியின் நெற்றியில் திருநீற்றைக் கண்டு வாளைத் தாழ்த்தி உயிர்விட்ட ஏனாதிநாதர் அவர்களில் ஒருவர். மழையிரவில் விதைநெல்லை வயலிலிருந்து வாரி வந்து அடியாருக்கு அமுது படைத்த இளையான்குடி மாறனாரும் ஒருவர். விதைத்த நெல்லை வாருவது என்ன என்று சித்தாண்டி உழவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேக்கிழார் இருவரையும் நாயனார் என்றே அழைத்தார். சிவாலயங்களில் அவர்கள் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர். யார் பெரியவர் என்று நாம் போடும் சண்டை அந்த வரிசையில் இல்லை.

மயில்கட்டுத் திருவிழாவைக் காணும் அடியார்கள் இன்னொன்றையும் உணரலாம். சூரபன்மனை வென்ற எம்பெருமான் அவனை இல்லாமற் செய்துவிடவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஆக்கித் தன்னோடு வைத்துக்கொண்டான். பகைவனின் உயிரையே வீணாக்காத தெய்வத்தின் அடியார்கள் நாம். எம் பிள்ளைகளின் உயிரை மலிவாகப் பேசலாமா?

முடிவாக

சொல்ல வந்தவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன். ஒருவர் கொடுக்கக்கூடியது தன் உயிரை மாத்திரமே; பிறர் உயிரைக் கொடுக்கும் உரிமை தலைவருக்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. கொடுத்தவரைப் பயன் பார்த்துத் தாழ்த்துவது தகாது. பறிக்கப்பட்டவர்களைத் தியாகிகள் என்று சொல்லி உண்மையை மூடுவதும் தகாது. வாழ்ந்து முன்னேறியவரைக் குற்றவாளியாக்குவதற்குப் பதில், அவர் தென்புலத்தாருக்கும் சுற்றத்தாருக்கும் செலுத்த வேண்டிய கடனை நினைவூட்டுவோம். அந்தக் கடன் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தோடு தீர்வதில்லை. தகப்பனில்லாத பிள்ளை ஒன்றின் பாடசாலைச் செலவு, தனித்திருக்கும் தாய் ஒருத்தியின் மருந்துச் செலவு, திருவிழா நாளில் அவள் வீட்டுப் படலையைத் திறந்து "அம்மா, எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும் ஒரு வார்த்தை, இவையும் உபயமே. கல்வெட்டில் பெயர் வராத உபயம்.

அத்தகைய உபயத்தை ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டு ஒன்றேனும் ஏற்க வேண்டுமென வேண்டி, எல்லோருக்கும் சித்திரவேலாயுதப் பெருமானின் திருவருள் கிட்டுவதாகுக எனப் பிரார்த்தித்து அமைகின்றேன்.

சுபம்.