பொற்கொல்லனோடு நடந்த காவலர்கள்

2024 ஜூன் 18. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வயிறு புரட்டியது. பிறகு கண் மங்கியது. முதலில் விழுந்த சாவுகளுக்குச் சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகம் மறுத்தது. மறுப்பு வந்த நேரத்தில் இன்னும் சிலர் அதே பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாராயத்தில் இருந்தது மெத்தனால். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று மருத்துவமனைகள் நிறைந்தன. பெண்கள் உட்பட 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

கருணாபுரம் மலையடிவாரத்துக் குக்கிராமம் அல்ல. ஊர் நடுவில் இருக்கிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. கள்ளக்குறிச்சியில் காவலர்களில் யார் எவ்வளவு மாமூல் வாங்கினார்கள், வாங்கினார்களா என்பதை விசாரணையும் நீதிமன்றமும் சொல்லட்டும். அதற்குக் காத்திராமலே தீர்த்துக்கொள்ள வேண்டிய அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. குற்றத்தைப் பார்த்தும் பாராமல் இருப்பதற்குக் காசு வாங்கும் காவலர், கடமை தவறியவரா, குற்றத்தில் பங்காளியா?

பங்காளிதான். இதில் இழுபறிக்கு இடமில்லை.

மாமூல் என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அதற்கு வழக்கம் என்றுதான் பொருள். லஞ்சம் ஒரு காரியத்துக்குக் கொடுப்பது. காரியம் முடிந்தால் கணக்கும் முடிந்தது. மாமூலுக்கு முடிவே கிடையாது, பால்காரர் கணக்குப் போல மாதாமாதம் வந்து நிற்கும். சாராயம் விற்பவன் சரக்குக்கு இவ்வளவு, ஆள் கூலிக்கு இவ்வளவு, வண்டி வாடகைக்கு இவ்வளவு என்று போட்டு, அடுத்த வரியில் ஸ்டேஷனுக்கு இவ்வளவு என்று எழுதுகிறானே, அந்த வரியில்தான் குற்றம் தொழிலாக மாறுகிறது. பிடிபடுவோமோ என்ற அச்சம் இருந்த இடத்தில் ஒரு தொகை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அச்சத்தை யாரும் விலையில் ஏற்ற முடியாது. தொகையை ஏற்றலாம். விலை ஏறினால் கூலிக்காரன் வாங்க மாட்டான் என்றால், சரக்கில் கைவைக்கலாம்.

அதோடு நிற்பதில்லை. மாதத்துக்கு இத்தனை மதுவிலக்கு வழக்கு காட்ட வேண்டும் என்ற கணக்கு நிலையத்துக்கு உண்டு. அந்தக் கணக்குக்கு ஆள் அனுப்புவதும் வியாபாரியே என்பது ஊரறிந்த சங்கதி. ஒரு கிழவர் வந்து பெஞ்சில் உட்காருவார், எதிரே நாலு பாக்கெட் வைக்கப்படும், வழக்கு எழுதப்படும், அபராதத்தை வேறொருவர் கட்டுவார். பதிவேட்டில் நிலையம் சுறுசுறுப்பாக இருக்கும். காசு கொடுக்காமல் புதிதாகக் கடை போட்டவன் வீட்டில் மட்டும் உண்மையான சோதனை நடக்கும். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதிவிடுகிறோம். அந்தப் பழமொழி இதற்குப் போதாது. இங்கே வேலி மேய்வதில்லை. ஒருவனுடைய மாட்டுக்கு மட்டும் திறந்துவிட்டு, மற்ற மாடுகளைப் பட்டியில் அடைத்து, இரண்டுக்கும் கூலி வாங்குகிறது.

சாராயத்தில் மட்டும் இப்படி இல்லை. தமிழகத்தில் குட்காவுக்குத் தடை வந்தது 2013இல். 2016இல் சென்னையில் ஒரு குட்கா தயாரிப்பாளரிடம் வருமான வரித்துறை சோதனை நடத்தியபோது, தடை செய்த சரக்கு தங்குதடையின்றி ஓடுவதற்கு யார் யாருக்கு என்ன போனது என்ற குறிப்புகள் சிக்கியதாகச் சொல்லப்பட்டது. காவல் துறையின் உச்சிவரை பெயர்கள் அடிபட்டன. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை சிபிஐயிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சாராயக்காரனின் அந்த ஒரு வரி எவ்வளவு உயரம் ஏறக்கூடும் என்பதற்கு இதுவே போதும்.

முன்னோர் இதை அறியாதவர்களா? செங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை, வேலோடு வழிமறித்து நிற்கும் கொள்ளைக்காரனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கேட்கும் தொனி மெதுவாக இருந்தாலும் கையில் இருப்பது ஆயுதம் என்பதே அவர் கண்ட நுட்பம். காக்கிச் சட்டை கேட்கும் நூறு ரூபாயும் அந்த வகைதான். பொற்கைப் பாண்டியனின் கதையில், இரவுக் காவல் சுற்றிய அரசன் செய்த பிழை ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது மட்டுமே. தட்டிய கையை வெட்டிக்கொண்டான் என்கிறது மரபு.

சிலப்பதிகாரத்தில் எல்லோரும் பாண்டியனையும் கண்ணகியையும் பேசுவார்கள். நடுவில் வரும் ஊர்க்காவலரைப் பேசுவார் குறைவு. கோவலனைப் பார்த்ததும் இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று அவர்களுக்கே தோன்றுகிறது. உடன் வந்த பொற்கொல்லனோ கள்வர்களின் தந்திரங்களை அடுக்கடுக்காய் எடுத்துவிட்டு அவர்களைக் குழப்புகிறான். யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போதே கல்வியறிவில்லாத ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். சிலம்பைத் திருடியவன் யார்? காவலர்களுக்கு வழிகாட்டி நடந்துவந்த அந்தப் பொற்கொல்லனே. கள்வன் கைகாட்டிய ஆளைக் காவல் பிடித்தது. கணக்குக்கு வந்து பெஞ்சில் உட்காரும் கிழவரின் ஆதி வரலாறு இதுதான் என்று சொன்னால் இளங்கோவடிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தென் மாவட்டங்களில் பழைய காவல் முறை இருந்த காலத்தில் துப்புக்கூலி என்று ஒன்று இருந்தது. களவு போன மாடு எங்கே நிற்கிறது என்று துப்புச் சொல்ல ஒரு கூலி. துப்புச் சொல்பவருக்கும் மாட்டை ஓட்டிப்போனவருக்கும் அதிக தூரம் இருக்காது. கூலி கொடுத்தவருக்கு மாடு கிடைக்கும். களவு மட்டும் குறையாது. இதையெல்லாம் ஒழித்துச் சீர்செய்வதாகச் சொல்லித்தான் வெள்ளையர் 1859இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் கொண்டுவந்தார்கள். 1902இல் அமைந்த ஃப்ரேசர் ஆணையம், அந்தப் போலீசே ஊழலில் ஊறிக் கிடக்கிறது என்று எழுதும் நிலை வந்தது.

மறுபக்கம் ஒன்று உண்டு. ஒரு ஏட்டு திருவிழா பந்தோபஸ்தில் விடியவிடிய நிற்கிறார், சம்மன் கொடுக்கச் சொந்த பைக்குக்குச் சொந்தக் காசில் பெட்ரோல் போடுகிறார். மேலே கேட்பவர் கேட்பதால்தான் கீழே வாங்குகிறோம் என்கிறார். நேர்மையாக முடிவெடுத்த அதிகாரியைப் பொய்ப் புகாரிலிருந்து காக்க முன் அனுமதி வேண்டும் என்று 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்த்ததற்கும் காரணம் இல்லாமல் இல்லை. இருக்கட்டும். கூலி போதாத கொத்தனார் பாலத்தில் சிமெண்டைக் குறைத்தால் யாரும் அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு மாவட்ட எஸ்.பி. உட்படப் பலர் சஸ்பெண்ட் ஆனார்கள், கலெக்டர் மாற்றப்பட்டார். கள்ளச்சாராயச் சாவுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்று அதே மாதம் சட்டம் திருத்தப்பட்டது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஆனால் சஸ்பென்ஷன் ஒரு தண்டனையா? பிழைப்பூதியம் வரும், விசாரணை நீளும், இன்னொரு மாவட்டத்தில் இன்னொரு நாற்காலி கிடைக்கும். விற்றவனுக்கு ஆயுள் என்றால், அந்தக் கணக்கில் தன் பெயரை எழுதவிட்டவரும் அதே குற்றப்பத்திரிகையில், அதே சாவுகளுக்காக, அவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். துறை விசாரணை தனியாக நடக்கட்டும். இதைவிடக் குறைவாகக் கேட்பது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

எந்தச் சாராய ஊரிலும் நடப்பது ஒன்று. கூலி முழுவதையும் குடித்துவிட்டு வரும் புருஷனைப் பொறுக்க மாட்டாமல் ஒரு பெண் ஸ்டேஷனுக்குப் போன் செய்கிறாள். பெயர் கேட்கிறார்கள், தெரு கேட்கிறார்கள், சொல்கிறாள். அரை மணி நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிறது. இறங்குவது போலீஸ் அல்ல, சாராயக்காரனின் ஆள். அவன் சத்தம் போடுவதில்லை. "என்னக்கா, போன்லாம் பண்றீங்களாமே" என்கிறான். அடுத்த மாதம் பாக்கெட்டில் வேறு வாடை அடிப்பதை அந்தத் தெருவில் முதலில் கவனிப்பவள் அவளாகத்தான் இருப்பாள். போனை எடுக்க மாட்டாள்.