சுவருக்கு அப்பால் ஓர் ஊர்

பத்தடிக்கு எட்டடி அறை ஒன்றில் மாதிரி ரயில்பாதை அமைக்கத் திட்டம் போடுபவரை முதலில் மறிப்பது கணக்கு. உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் ஹெச்ஓ அளவில் எல்லாமே 87இல் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள நிஜத் தண்டவாளப் பாதை 16.5 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. அவ்வளவு சுருக்கிய பிறகும் ஒரு மைல் தூரத்தைக் காட்ட 18 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். அறையின் நீண்ட சுவரோ 3 மீட்டர்தான். அந்தச் சுவர் முழுக்கப் பாதை போட்டாலும் நிஜ உலகின் 265 மீட்டர்தான் அதில் அடங்கும். எஞ்சினும் பன்னிரண்டு பெட்டியுமாக ஒரு விரைவு வண்டி வந்து நின்றால் இடம் தீர்ந்தது. வளைவுகளின் நிலை இன்னும் மோசம். பலரும் இடும் 18 அங்குல ஆரமுள்ள வளைவு நிஜத்தில் 40 மீட்டர் ஆரமாகும். நெடுந்தூர விரைவு வண்டி எதையும் அவ்வளவு குறுகலாகத் திருப்ப முடியாது. இன்னும் சிறிய ‘என்’ (N) என்ற அளவுக்குப் போனாலும் மைலுக்கு 10 மீட்டர் தேவை. ஆகவே எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே திட்டமிடுபவரின் முதல் கேள்வி. மலையை விடலாம், ஊரை விடலாம், இரட்டைப் பாதையை ஒற்றையாக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் விட்டால் மிச்சம் எல்லாம் இருந்தும் பயனில்லை என்பதை இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் கண்டுகொண்டார்கள். அவர்கள் கண்டது, மதமும் தத்துவமும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வியைத் தொடுகிறது: எல்லைக்குட்பட்ட ஓர் உலகத்தின் பொருள் அந்த உலகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா?

பெட்டியில் வாங்கும் ரயில் விளையாட்டுப் பொருளில் பாதை ஒரு நீள்வட்டம். வண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது, மறுபடி புறப்படுகிறது. அந்த வட்டத்தின் நடுவே எத்தனை வீடும் மரமும் நிலையமும் வைத்தாலும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது: இந்த வண்டி எங்கே போகிறது? பிளாட்பாரத்தில் நிற்கும் விரலளவு மனிதர்கள் ஏறினால் அதே பிளாட்பாரத்தில்தான் இறங்க வேண்டும். இதற்கு இங்கிலாந்தின் மாதிரி ரயில் அமைப்பாளர்கள் கண்ட தீர்வு எளிமையானது, ஆனால் துணிச்சலானது. சிறிய அறையில் கிடைக்கும் கொஞ்ச இடத்திலும் ஏறக்குறைய பாதியை மறைத்துவிடுவது! ஒரு முனைய நிலையத்தைக் கண்ணுக்குத் தெரிய அமைப்பார்கள். அங்கிருந்து கிளம்பும் பாதை ஒரு பாலத்துக்கோ சுரங்க வாய்க்கோ அடியில் நுழைந்து, தடுப்புப் பலகைக்குப் பின்னால் நாலைந்து வெற்றுத் தண்டவாளங்களில் போய் முடியும். அதற்கு ஃபிடில் யார்டு என்று பெயர். அங்கே புல் இல்லை, கட்டடம் இல்லை, சிக்னல் இல்லை. வண்டிகள் வந்து நிற்கும், கையால் திருப்பி வைக்கப்படும், நேரம் வந்ததும் மீண்டும் கிளம்பும். ஆனால் அந்த வெற்றுத் தண்டவாளங்கள்தான் லண்டன்; துறைமுகம்; நிலக்கரி போய்ச் சேரும் ஆலை; நிலையத்துக்கு வரும் பயணிகளின் வீடு. இடமே இல்லாத அறையில் இடத்தை இப்படிச் செலவழிப்பது வீண் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது வந்த பிறகுதான் ஒவ்வொரு வண்டிக்கும் எங்கிருந்து, எங்கே, எதற்காக என்று மூன்று விடைகள் கிடைத்தன.

இது ஒரே நாட்டின் பழக்கமும் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் டெல்டா லைன்ஸ் என்னும் பாதையை அமைத்த ஃபிராங்க் எலிசன், 1940களில் எழுதிய கட்டுரைகளில் மாதிரி ரயில்பாதையை நாடக மேடையாகப் பார்த்தார். வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணை கதை. மேடை என்றால் பக்கத் திரையும் உண்டு. நடிகர் எங்கிருந்தோ வருகிறார், எங்கோ போகிறார். 1957இல் இங்கிலாந்தில் சிரில் ஃப்ரீசர் வெளியிட்ட மினோரிஸ் என்ற பாதை வரைபடம் ஏறத்தாழ 7 அடி நீளத்தில் மூன்று பிளாட்பாரமுள்ள ஒரு நகர முனையத்தை அடக்கிக் காட்டியது. வந்த எஞ்சின் பாதை முடிவிலுள்ள தாங்கிக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். இன்னோர் எஞ்சின் வந்து பெட்டிகளை இழுத்துப் போனால்தான் அதற்கு விடுதலை. இந்த ஓயாத பரபரப்புக்குக் காரணம் பலகைக்குப் பின்னால் இருந்து வந்துகொண்டே இருக்கும் ‘வெளியூர்’ வண்டிகள். அமெரிக்காவில் ஆலன் மெக்லெலண்ட், அப்பலாச்சிய மலைப்பகுதியின் நிலக்கரியைச் சுமக்கும் கற்பனை ரயில்வேயான வர்ஜீனியன் அண்டு ஒஹையோவைத் தம் வீட்டு நிலவறையில் அமைத்தார். தம் பாதை நிலவறையோடு முடியவில்லை, அதற்கு வெளியே நாடு முழுதும் விரியும் ரயில் வலையமைப்பின் ஒரு துண்டு அது என்ற எண்ணத்தின் மேல்தான் அவர் முழுத் திட்டத்தையும் கட்டினார். சுரங்கத்திலிருந்து நிறைந்து போகும் பெட்டிகள் அறையை விட்டு வெளியேறுகின்றன, காலியாகத் திரும்புகின்றன. ஒருவரையொருவர் பார்த்து நகல் எடுத்ததால் வந்த ஒற்றுமையாக மட்டும் இதைக் கொள்ள முடியாது. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு அளவில், வெவ்வேறு ரசனையோடு உழைத்தவர்கள் ஒரே தேவைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதே தேவையைத் தத்துவத்திலும் காணலாம். தத்துவவாதி விட்கென்ஸ்டைன் 1921இல் வெளியான தம் டிராக்டாட்டஸ் என்ற நூலின் கடைசிப் பகுதியில், உலகத்தின் பொருள் உலகத்துக்கு வெளியேதான் இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார். உள்ளே இருப்பவை எல்லாம் வெறுமனே இருக்கின்றன, நடப்பவை வெறுமனே நடக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து மற்றவற்றுக்குப் பொருள் தரும் பொறுப்பை அதன் தலையில் வைக்க முடியாது என்பது அவர் தர்க்கம். படிக்கும்போது வறண்ட சூத்திரமாகத் தெரியும் இதை மாதிரி ரயில்பாதை கண்முன் நிறுத்துகிறது. நீள்வட்டத்துக்குள் இன்னொரு நிலையத்தைச் சேர்த்தால் கேள்வி தீர்வதில்லை, இரண்டாகிறது. இதை உலகின் ஒழுங்கிலிருந்து அதைப் படைத்தவரை ஊகிக்கும் பழைய வாதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வில்லியம் பேலி 1802இல் கடிகாரத்தைக் காட்டிக் கடிகாரம் செய்தவரைக் கேட்டார். அதற்கு முன்பே, 1779இல் வெளியான நூலில் டேவிட் ஹியூம் அந்த வழியை அடைத்திருந்தார்: கடிகாரங்கள் செய்யப்படுவதைப் பார்த்திருக்கிறோம், உலகங்கள் செய்யப்படுவதைப் பார்த்ததில்லை. அந்த மறுப்பு வலுவானது, அதை மதிக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. பாதையை அமைத்தவர் யார் என்று இங்கே யாரும் கேட்கவில்லை; அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அங்கே இருந்தும், அவர் கை அதை ஓட்டியும், நீள்வட்ட வண்டிக்குப் போகுமிடம் கிடைக்கவில்லை. படைத்தவர் இருப்பதால் மட்டும் ஓர் உலகத்துக்குப் பொருள் வந்துவிடாது. அந்த உலகத்துக்கு உள்ளிருந்து வெளியே போகும் ஒரு வழி வேண்டும்.

இந்தக் கலையில் கிறித்தவப் போதகர்களின் பங்கு பெரிது என்பதை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எட்வர்ட் பீல் மாதிரி ரயில் பற்றிப் பல நூல்கள் எழுதினார். ஆங்கிலிக்கக் குரு பீட்டர் டென்னி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வளர்த்த பக்கிங்ஹாம் கிளைப்பாதை, கால அட்டவணைப்படி ஒரு ரயில்வேயை ஓட்டுவது என்றால் என்ன என்று ஒரு தலைமுறைக்கே காட்டியது. தாமஸ் என்ற எஞ்சினைக் குழந்தைகளுக்குத் தந்த வில்பர்ட் ஆட்ரியும் குரு; மாதிரிப் பாதைகளை அமைத்து ஓட்டியவர். தம் கதைகள் நடப்பதற்கு ஆட்ரி சோடார் என்றொரு தீவைக் கற்பனை செய்தார். தீவு என்பது தன்னளவில் முற்றிய உலகத்துக்கு மிக வசதியான வடிவம். கடல் எல்லாக் கேள்வியையும் அடைத்துவிடும். ஆனால் ஆட்ரி அந்தத் தீவை இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரோடு பாலத்தால் இணைத்து, பெருநிலத்து எஞ்சின்கள் வந்துபோக வழி வைத்தார். இதை அவருடைய இறையியல் என்று சொல்லிவிட ஆதாரம் இல்லை. ஆயினும், தானே எல்லை வகுத்த உலகத்திலும் ஒரு வாசலைத் திறந்து வைக்காமல் அவரால் கதை சொல்ல முடியவில்லை என்பது உண்மை.

வட்டத்தில் ஓடும் வண்டியைப் பார்ப்பதிலேயே நிறைவு காண்பவர்கள் ஏராளம், அவர்கள் மகிழ்ச்சி குறைவானதா என்று கேட்கலாம். குறைவு என்று சொல்ல மாட்டேன். சக்கரம் சுழல்வதில், உலோகம் பளபளப்பதில் உள்ள இன்பம் உண்மையான இன்பம். எங்கே போகிறது என்ற கேள்வி எழாத வரை அதற்குக் குறையே இல்லை. ஆனால் அதே வட்டத்தை விரும்புகிறவர்கள் அறையில் நிலையாக ஒன்றை அமைக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். வட்டத்தின் பின்பாதியை மலைக்குள்ளோ பின்னணித் திரைக்குப் பின்னாலோ கொண்டுபோய், அங்கே வண்டிகளை நிறுத்தி வைக்கிறார்கள். முன்னால் ஒரு வண்டி போய் மறைந்தால் சற்றுப் பொறுத்து வேறொரு வண்டி வருகிறது. வட்டம் இருக்கிறது, ஆனால் அதை வட்டமாகப் பார்க்க அவர்களும் விரும்பவில்லை. கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் அமைத்த புகழ்பெற்ற பாதையில் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டக் கண்ணாடிகள் வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடி வேலை செய்கிறது, சரியான கோணத்தில் நிற்கும் வரை. கொஞ்சம் நகர்ந்தால் பார்ப்பவரின் முகமே அதில் வந்து நிற்கும். தன் பிரதிபிம்பத்தைத் தன் எல்லைக்கு அப்பால் உள்ளது என்று ஓர் உலகம் எவ்வளவு நேரம் நம்பிக்கொண்டிருக்க முடியும்?

மிகக் கடுமையான மறுப்பு இனிமேல்தான். தடுப்புப் பலகைக்குப் பின்னால் லண்டன் இல்லை. நாலு தண்டவாளம்தான் இருக்கிறது. மாதிரிப் பாதைக்கு வெளியூர் தேவைப்பட்டது, அமைத்தவர் பாவித்துக்கொண்டார். அதுபோல மனிதருக்கு ஓர் அப்பால் தேவைப்பட்டது, பாவித்துக்கொண்டார்கள். பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் வெற்று மரம். தத்துவவாதி ஃபாயர்பாக் முதல் இன்றுவரை பலர் வெவ்வேறு சொற்களில் சொல்வது இதுதான். இதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று தேவைப்படுகிறது என்பதால் அது இருக்கிறது என்று ஆகாது. அப்படி நிறுவ முயலும் எந்த ஆத்திக வாதமும் என் கண்ணில் தோற்ற வாதமே. ஆனால் இந்த மறுப்பு எடுத்துக்காட்டை அரைகுறையாகப் பார்க்கிறது. பலகைக்குப் பின்னால் லண்டன் இல்லை, சரி. ஆனால் லண்டன் இருக்கிறது. லண்டன் என்றொரு நகரமே எங்கும் இருந்ததில்லை என்றால் அந்த நாலு தண்டவாளத்தைக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது. மெக்லெலண்டின் ரயில்வே கற்பனை. அது இணையும் நாட்டு ரயில் வலையமைப்பு கற்பனை இல்லை. ஃபிடில் யார்டு ஒரு சுட்டுவிரல். அது மரத்தாலானது என்று காட்டிவிட்டால், அது சுட்டும் திசையில் ஒன்றும் இல்லை என்று காட்டியதாகாது. சடங்கும் சிலையும் மந்திரமும் மனிதர் செய்தவை என்று வரலாற்றாசிரியர் மெய்ப்பிக்கும்போது அவர் மெய்ப்பிப்பது பலகையைப் பற்றி. நகரத்தைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது, இரு பக்கத்துக்கும் திறந்தபடி.

தமிழ் வாசகருக்கு இயல்பாக எழக்கூடிய மறுப்பு வேறு. கடவுள் வெளியே எங்கோ இருப்பவர் என்ற எண்ணமே நமக்கு அன்னியம்; சைவ சித்தாந்தம் இறைவன் உயிர்களோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்பதாகச் சொல்கிறது. அப்படியிருக்க வெளி என்று ஒன்றை ஏன் தேட வேண்டும்? நல்ல கேள்வி. ரயில்பாதையே இதற்கு விடை தருகிறது. ஃபிடில் யார்டு அறையின் ஒரு மூலையில் இருக்கலாம். வெளியூர் அந்த மூலையில் இல்லை. அது நிலையத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு சரக்குப் பெட்டியிலும் இருக்கிறது: அதன் பக்கத்தில் எழுதிய ரயில்வே பெயரில், அதிலுள்ள நிலக்கரியில், அது காத்திருக்கும் நேரத்தில். வெளியை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு பெட்டியும் பெட்டியாக மிஞ்சாது, பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்காகிவிடும். வேறாக இருப்பதால்தான் அதனால் எல்லாவற்றோடும் உடனாக இருக்க முடிகிறது. சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்த மூன்று நிலைகளில் ஒன்றையும் விட மறுத்ததற்குக் காரணம் இதுவாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ‘ஒன்றாய்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் நீள்வட்டம்தான் மிஞ்சும். ‘வேறாய்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பொழுதுபோக்காளர் மிஞ்சுவார்.

அந்த வெளிக்கு வெளியே என்ன, என்று ஒருவர் கேட்கலாம். மாதிரிப் பாதையில் இது நடைமுறைச் சிக்கலாகவே வருகிறது. மறைத்து வைத்த தண்டவாளங்கள் வெறுமையாக இருப்பது பொறுக்காமல் அங்கேயும் பிளாட்பாரமும் கடைத்தெருவும் அமைத்தால், அது இன்னொரு நிலையமாகிவிடும். அதற்குப் பின்னால் இன்னொரு ஃபிடில் யார்டு தேவைப்படும். டென்னியின் பாதையும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கிராண்ட்பரோ ஜங்ஷன், லெய்ட்டன் பஸ்ஸார்ட் என்று நீண்டது. மறைந்த யார்டின் தேவை மட்டும் தீரவில்லை. வெளியை வரைந்து காட்டியதும் அது உள்ளாகிவிடுகிறது. சொர்க்கத்தின் மாடிகளையும் அங்கே கிடைக்கும் உணவையும் அங்கே யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை என்பதையும் துல்லியமாகச் சொல்லும் மதநூல் விளக்கங்கள் செய்வதும் இதுவே. அவை அப்பாலை நமக்கு நெருக்கமாக்குவதாக நினைத்துக்கொண்டு, இந்த ஊரின் சாதியையும் அந்தஸ்தையும் பிளாட்பார வகுப்புகளையும் கொண்டுபோய் அங்கே நிறுவுகின்றன. அப்பாலைப் பற்றி அவ்வளவு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, அவர்கள் சொல்வது உண்மையா என்பதுகூட இல்லை. அவர்கள் வரைந்த அந்த ஊரிலிருந்து கிளம்பும் வண்டி எங்கே போகிறது என்பதுதான்.