உறைக்குள் பிடிக்கும் துரு

பாஸ்கா காலம் 2-ஆம் ஞாயிறு – இறை இரக்க ஞாயிறு
நற்செய்தி: யோவான் 20:19-31



ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலை நம்பிப் பிழைக்கிற பூமி நம்முடையது. செருப்பும் பெல்ட்டும் போலத் துப்பாக்கி உறையையும் தோலில்தான் தைக்கிறார்கள். ஆனால் பழைய துப்பாக்கிகளை வாங்கிச் சீர்செய்கிறவர்கள் முதலில் சொல்வது இதுதான்: வெளியே கொண்டுபோக உறை நல்லது, வருஷக்கணக்கில் அதற்குள்ளேயே போட்டு வைக்காதே.

ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் ஈர இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழுவதைத் தொழிலில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். காகித வட்டத்தின் நடுவைக் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கென்றே செய்த .22 ரிவால்வர் ஒன்றை உறையோடு பெட்டியில் போட்டு மறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். உறை வெளியே நன்றாகவே இருக்கும். உருவிப் பார்த்தால், தோல் ஒட்டியிருந்த இடமெல்லாம் பொரிப்பொரியாகத் துரு. காப்பாற்ற வைத்த உறையே அரித்திருக்கும்.

இன்றைய நற்செய்தியில் சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆண்டவரைக் கண்டேன் என்று மகதலா மரியா வந்து சொன்ன பிறகும் பூட்டுதான். எட்டு நாள் கழித்தும் கதவு திறக்கவில்லை. அந்தப் பூட்டு பகைவரை வெளியே நிறுத்தியிருக்கலாம்; பயத்தையும், ஆண்டவரை விட்டு ஓடிய குற்றவுணர்வையும் உள்ளேயே அடைத்துவைத்தது. நாமும் அப்படித்தானே? குடும்ப மானம் என்று ஓர் உறை, ஊர் என்ன சொல்லும் என்று ஓர் உறை. உள்ளே நடக்கும் அரிப்பு நமக்கு மட்டும் தெரியும்.

பூட்டிய கதவுக்குள் ஆண்டவர் வருகிறார். திட்டவில்லை, கணக்குக் கேட்கவில்லை. அமைதியை வாழ்த்தி, தூய ஆவியை ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைத் தருகிறார்.

அந்த மன்னிப்பு நம்மை எப்படிச் சீர்செய்கிறது? மறுபடியும் அந்த ரிவால்வரையே பாருங்கள். அதை வாங்க உரிமம் வேண்டும்; பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். கைதேர்ந்தவர் முதலில் உள்ளே குண்டில்லை என்று உறுதிசெய்துகொள்வார். பிறகு எண்ணெய் தடவி ஊறவிட்டு, மெல்ல மெல்லத் துருவை எடுப்பார். அவசரக்காரர் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துவிடுவார். புதுசுபோல மின்னும், ஆனால் செய்தவர் பெயரும் பொறித்த எண்ணும் தேய்ந்துபோகும். சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்புப் போய்விடும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 8-ஆம் பிரிவில், அந்த எண்ணை அழிப்பதையே தடைசெய்கிறது. துரு போகவேண்டும், அடையாளம் போகக்கூடாது.

தந்தையாம் கடவுள் இயேசுவை உயிர்ப்பித்தபோது ஆணித் தழும்புகளை அழிக்கவில்லை. நம் மண்ணுக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவர் என்று நாம் போற்றும் தோமா, அந்தத் தழும்புகளைக் காட்டித்தான் விசுவாசத்துக்கு அழைக்கப்பட்டார். ஒப்புரவு அருட்சாதனமும் நம் கடந்த காலத்தைத் தேய்த்து அழிப்பதில்லை. அதிலுள்ள பாவத்தை எடுக்கிறது. குடியை விட்டவருடைய தழும்புதான் இன்னொரு குடிகாரரின் கையைப் பிடிக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது.

பேதுருவைப் பாருங்கள். ஆண்டவரை மறுதலித்தவர். பூட்டிய கதவுக்குள் இருந்த அவர், பிறகு யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கினார் என்று திருத்தூதர் பணிகள் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. தீட்டான தொழில் என்று யூதர்கள் ஒதுக்கிய வீடு அது. நம் தொழில்காரர் வீடு. அங்கிருந்துதான் பிற இனத்தவரான நூற்றுவர் தலைவர் கொர்னேலியுவின் வாசலுக்குப் போனார். மன்னிப்புப் பெற்றவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார், அடுத்தவர் வீட்டுக்கும் போவார்.

2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் இந்த ஞாயிறை இறை இரக்கத்துக்கென்று அறிவித்தார். ஆகவே இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். பல வருஷமாக மூடிவைத்த அந்த ஒரு பாவத்தை ஒப்புரவில் சொல்லுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டுக்கோ நாத்தனார் வீட்டுக்கோ நீங்களே முதலில் போங்கள். அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆமென்.