ராமர் காசுக்கு விலை பேசலாமா?

கேள்வி: மாமியார் காலமான பிறகு அவருடைய பூஜைப் பெட்டியில் பித்தளை நிறத்தில் ஒரு வட்டப் பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘அரை அணா’, 1818 என்று இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அபூர்வ சக்தி உள்ளது, லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறார் ஒருவர். இது என்ன? பூஜையில் வைக்கலாமா?
*– வாசகி, மொரப்பூர்*

பதில்: தாராளமாக வையுங்கள். ஆனால் அது என்னவென்று தெரிந்துகொண்டு வையுங்கள்.

அது புழக்கத்தில் இருந்த நாணயம் அல்ல. நாடு முழுவதற்கும் பொதுவான அரை அணாவைக் கம்பெனி வெளியிட்டது 1835-இல்தான். அதில் இருந்தது கம்பெனியின் சிங்க முத்திரை. உங்கள் பகுதியான பாராமகால் 1792-இல் கம்பெனி வசமானது. அங்கே செல்லுபடியான சென்னை மாகாணச் செப்பு நாணயங்களுக்குக் காசு என்றே பெயர். 1803, 1808 என்று ஆண்டு பொறித்த ‘20 காசு’ நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆகவே உங்களிடம் இருப்பது, பக்தர்களுக்காகப் பிற்காலத்தில் வார்த்த பூஜைக் காசு. பழமை தோன்றவே 1818 என்று போட்டிருக்கிறார்கள். 1616, 1717 என்றுகூடப் போட்டு விற்றதுண்டு.

நாணயத்தில் தெய்வ உருவம் பொறிப்பது நம் நாட்டில் பழைய வழக்கம்தான். விஜயநகரத் திருமலைராயரின் வராகனில் சீதாராமரும் லட்சுமணரும் உண்டு. ஹைதர் அலியின் வராகனில் சிவபார்வதி இருந்தார்கள். அக்பரே 1604-05-இல் ராமர், சீதை உருவத்தோடு நாணயம் வெளியிட்டார். கோயில்களிலும் வீடுகளிலும் வழிபடுவதற்கென்றே ‘ராமடங்கா’ எனும் பதக்கங்களையும் வார்த்தார்கள். உங்கள் மாமியார் வைத்திருந்தது அந்த மரபில் வந்தது.

பதக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ராமர் முகம் மழுங்கியிருக்கும். விளிம்புப் பள்ளங்களில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருக்கும். அதன் சக்தி அந்த வழிபாட்டில் இருக்கிறது, உலோகத்தில் இல்லை. முகம் தேய்ந்ததைக் குறையாக நினைக்காதீர்கள். வீட்டுப் பூஜைக்கு அது தடையே இல்லை.

‘அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். காந்தத்தையும் இரும்புத்தூள் ஏற்றிய அரிசியையும் வைத்துச் செய்யும் மோசடி அது. ‘சோதனைக்கு முன்பணம்’ என்று கேட்டுத்தான் குடும்பங்களைக் கடனாளியாக்குகிறார்கள். சந்தேகம் இருந்தால் தருமபுரி அகழ்வைப்பகத்திலோ, எழும்பூர் அருங்காட்சியகத்திலோ காட்டிக் கேளுங்கள். அதுவரை புளி, எலுமிச்சை எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

ராமர் அம்பு எய்து தீர்த்தம் வரவழைத்ததாகச் சொல்லும் தீர்த்தமலை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருநாள் பதக்கத்தை எடுத்துச் சென்று, ராமர் தீர்த்தத்தில் நனைத்து, தீர்த்தகிரீஸ்வரரை வணங்கி வாருங்கள். ராம நவமியன்று பானகமும் நீர்மோரும் வைத்து மாமியார் பெயரைச் சொல்லிப் படையுங்கள். அவர் செய்துவந்த பூஜை உங்கள் கையால் தொடரட்டும்; விற்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.