தெய்வமாக்கிவிட்டால் போதுமா?

மனநோயாளியைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு நம் ஊரில் பாராட்டுக்குப் பஞ்சமில்லை. ‘பொறுமையில பூமாதேவி’ என்போம்; ‘தெய்வப் பிறவி’ என்போம். தெய்வமாக்குவதில் நமக்கொரு வசதி உண்டு: தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம், கூலி வேண்டாம், மாற்றாளும் வேண்டாம்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து அய்யனார் கோவிலில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். ஆற்றில் குளிக்கும் வளர்ந்த மகன் மேலேயே கண்ணாக, பாறையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவன் சட்டையும் மாத்திரைப் பையும். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் “மகன் எப்படி இருக்கான்?” என்றே விசாரித்தார்கள். “ராத்திரி தூங்குறீங்களாக்கா?” என்றேன். “அவன் தூங்குனா தூங்குவேன். அதையெல்லாம் யாரு கேக்கா?” என்றார்.

கோவிலுக்குப் பக்கத்திலேயே பளியர் குடியிருப்பு. தேனும் தோப்புக் கூலியுமாக ஓடும் பிழைப்பு. அங்கே ஒருவருக்கு மனம் பேதலித்தால், அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் துணைக்குப் போகிறவரின் அன்றாடக் கூலி போய்விடும். அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

துணை இருப்பவரின் அருமை மருத்துவத்துக்குத் தெரியாததல்ல. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களிலேயே டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். சென்னையில் 1989இல் குடும்பத்தினரே கூடி ‘ஆஷா’ அமைப்பைத் தொடங்கினார்கள். இப்படி ஒரு கைத்தாங்கலும் இல்லாத குடும்பங்கள் எங்கே போகும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியில் கட்டியிருந்தபடியே 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுச்சென்ற உறவினர்களை ஏசினோம். அவர்கள் எத்தனை ஆண்டு தனியாகச் சமாளித்துப் பார்த்தார்கள் என்று கேட்டோமா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி நியமிக்கும் பிரதிநிதிக்கு அவரது சிகிச்சை பற்றிக் கேட்டறியும் உரிமையைத் தருகிறது. கடமைகளையும் வரிசையாகச் சொல்கிறது. ஆனால் துணை இருப்பவரின் ஒரு நாள் ஓய்வுக்கு அதில் இடமில்லை.

துணைக்கு வருகிறவருக்கு அன்றைய கூலியையும் பஸ் காசையும் கொடுப்பது அரசு செய்யக்கூடியதே. அந்த அம்மாவை ஒரு மதியம் தூங்கவிடுவதோ அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியது. ஆனால் திடுதிப்பென்று போய், “நீங்க படுங்க, நான் பாத்துக்கிறேன்” என்றால் நடக்காது. புது முகம் கண்டால் மகன் மிரளலாம். அம்மாவுக்கும் தூக்கம் வராது. முதலில் சும்மா போய், அவனோடு பேசிப் பழக வேண்டும். பாராட்டைவிட இது கொஞ்சம் கூடுதல் வேலைதான்.