கல்லும் கேள்வியும்

1868-இல் இதபாஷியில் கொண்டோ இசாமியின் தலை கொய்யப்பட்டது. 1869-இல் ஹகோடேட் களத்தில் ஹிஜிகதா தோஷிசோ சாய்ந்தார். ஜப்பானிய ஷோகுனுக்காக வாளேந்திய ஷின்செங்குமிப் படையில் எஞ்சிய நாககுரா ஷின்பாச்சி, 1876-இல் இதபாஷியிலேயே தோழர்களுக்கு நினைவுக்கல் எழுப்பினார். 1913-இல், முதியவராய், செய்தித்தாளொன்றுக்குத் தம் நினைவுகளை உரைத்தார்.

கல் எழுப்பியவர் கண்மூடித் தொண்டரா? அல்லர்! கொண்டோ வாழ்ந்தபோதே, 1864-இல், அவர் போக்கைக் கண்டித்து ஐஸு பிரபுவிடம் முறையிட்டவர் இவர்.

படையை விட்டு விலகிய யமனாமி கெய்சுகே, 1865-இல் தம் வயிற்றைத் தாமே கிழித்து மாள நேர்ந்ததையும் அவர் நினைவுரையே சொல்கிறது. அவரை மாய்த்தது மாற்றான் வாளா? இல்லை, ‘ஏன்?’ எனக் கேட்கவொட்டாத கட்டுப்பாடு!

வாழும் தலைவனைக் கேள்வி கேட்பது துரோகமன்று. மாண்ட தோழனை மறப்பதே துரோகம். இரண்டையும் உணர்ந்தவரே நண்பர். மறைந்தோரை நாம் மறவோம். அவர்களை மாய்த்த மரபை மன்னியோம்!