மழை விடும் என்று தனியே நின்றவர்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், சித்திரைச் சுவாதி குருபூசை மாலையில் ஆற்றிய உரை)



இன்று நம் ஊர்க்காரர் ஒருவருடைய குருபூசை. காஞ்சியிலே பிறந்து, காஞ்சியிலே துணி வெளுத்து, காஞ்சியிலேயே இறைவன் கையால் பிடிக்கப்பட்டவர். திருக்குறிப்புத் தொண்ட நாயனார். அடியார் வாய் திறந்து கேட்கும் முன்பே, முகக் குறிப்பைக் கொண்டே அவர் மனத்தை அறிந்து தொண்டு செய்தவர் என்பதால் அந்தப் பெயர். எதிரில் நிற்பவர் மனத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பட்ட பாட்டைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். குளிர்காலம். மெலிந்த மேனியோடு, அழுக்கேறிய கந்தை ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு தவசி வருகிறார். நாயனார் முதலில் துணியைக் கேட்கவில்லை. "திருமேனி ஏன் இப்படி இளைத்திருக்கிறது?" என்று உடம்பைத்தான் கேட்டார். அதற்குப் பிறகுதான் துணி. "குளிருக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தந்துவிட வேண்டும்" என்கிறார் தவசி. சரி என்று வாங்கி, துவைத்தாகிவிட்டது. உலர்த்த வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே மாலை வந்ததுபோல் இருட்டு.

இப்போது கவனியுங்கள். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டு அவர் தனியே நின்றார் என்கிறார் சேக்கிழார். பெரியபுராணத்தை எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஊருக்கெல்லாம் குறிப்பறிந்து செய்தவர். அவர் நெஞ்சில் மழை பெய்தபோது பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. மழை விடவில்லை. மாலையாயிற்று. அப்போது அவர் மனம் பேசத் தொடங்குகிறது. முன்னமே துவைத்து வீட்டுக்குள் காற்றில் உலர்த்தத் தெரியாமல் போயிற்றே. அந்தப் பெரியவர் உடம்பு குளிரில் நடுங்கக் காரணமானேனே. எனக்கு இனி என்ன இருக்கிறது? துணி துவைக்கிற பாறையிலேயே தலையை மோதிக்கொள்ளத் துணிந்துவிட்டார்.

ஒரு கந்தை ஐயா! ஒரு கந்தை உலரவில்லை என்பதற்காக. வெளியே நின்று பார்க்கிற நமக்கு அது கந்தை. மழைக்குள் நின்றவருக்கு அது முழு வாழ்க்கை.

நாயனாரைக் குறை சொல்ல நான் யார்? அது அன்பின் எல்லை. இறைவன் நடத்திய சோதனை. ஆனால் அவர் கடைசியில் செய்யத் துணிந்ததை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இறைவனும் அதை நடக்க விடவில்லை, கை நீட்டித் தடுத்தான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கையை. அதையும், பாறை வரை போகாமல், முதல் தூறலிலேயே.

மழை என்றால் என்ன என்று தறிக்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு தோய முடியாது. தறிக்குழியில் தண்ணீர் ஊறும். சேலை முடியாமல் கூலி வராது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நிற்கும். என் தகப்பனாரும் தறியில் உட்கார்ந்தவர்தான். கோர்வைச் சேலை நெய்யும்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போட்ட சிறுவன் நான். பாவில் ஒரே ஒரு இழை அறுந்தால் போதும், அவர் கால் நின்றுவிடும். தேடி எடுத்து முடிந்து, அச்சில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அடுத்த ஊடை. "ஒரு இழைதானே அப்பா, சாயங்காலம் பார்க்கலாமே" என்று ஒருநாள் கேட்டேன். "சாயங்காலத்துக்குள் அது ஒரு முழம் போய்விடும். படமரத்தில் சுற்றிக்கொண்ட பிறகு யாரால் எடுக்க முடியும்?" என்றார்.

அப்படிப்பட்ட அவர், தன் மனத்தில் இழை அறுந்தபோது மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நள்ளிரவில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். எப்போதும் தறியில் முணுமுணுக்கிற தேவாரம் நின்றுபோயிற்று. பாட்டு நின்றதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மாதான் ஒரு நாள் கையைப் பிடித்து ஏகாம்பரநாதர் சந்நிதிக்கு அழைத்துப் போனார். அங்கே நின்று அப்பா வாய்விட்டு அழுததை முதல்முறை பார்த்தேன். மறுவாரம் மருத்துவரிடமும் போனார்கள். கடன் அப்படியேதான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் தனியே நிற்கவில்லை.

தூக்கம் போவது, சாப்பாடு கசப்பது, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவது, நான் இருந்து யாருக்கு என்ன என்று வாய் தவறிச் சொல்வது: இவையெல்லாம் குறிப்புகள். அப்போதே சுவாமியிடம் போங்கள். தேங்காய் பழம் வேண்டாம், பதிகம் தெரிய வேண்டாம். "எனக்கு முடியவில்லை" என்று சொன்னால் அதுவே தோத்திரம். சுவாமியிடம் அழுவது நம்பிக்கைக் குறைவு என்று யாரோ நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் இழந்த சுந்தரர், அந்த இடத்திலிருந்தே முறையிட்டுப் பாடிக்கொண்டுதான் நடந்தார். இடக்கண் பெற்றது நம் ஏகம்பத்தில்.

சந்நிதிக்குப் போனால் மருத்துவரிடம் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி அது, தமிழிலேயே பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலை காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கதவைத் திறக்கிறவரும் இறைவன் நீட்டிய கைதான்.

இனி இந்தப் புராணத்தின் முன்பகுதிக்கு வருகிறேன். நாயனார் கதையைச் சொல்ல வந்த சேக்கிழார், பெரும்பகுதிப் பாட்டுகளைக் காஞ்சியின் பெருமைக்கே கொடுத்துவிட்டார். அதற்குள் காமாட்சி அம்மையின் தவம் வருகிறது. மாவடியில் இலிங்கத்தை வைத்துப் பூசிக்கிறாள். கம்பையாறு பெருக்கெடுத்து வருகிறது. அம்மை என்ன செய்தாள்? வடிந்துவிடும் என்று நிற்கவில்லை. வெள்ளம் வரக் கண்டதுமே ஓடிப் போய் மார்போடு சேர்த்துத் தழுவிக்கொண்டாள். பெருமான் குழைந்தார். அவள் வளையல் அழுந்திய தழும்பு அவர் மேனியில் நின்றுவிட்டது. தழுவக் குழைந்த நாதர் என்று நாம் சொல்வது அதனால்தான். இன்றும் அந்த மண் இலிங்கத் திருமேனிக்கு நீர் அபிடேகம் கிடையாது, ஆவுடையாருக்குத்தான்.

இப்போது பாறைக்கு வாருங்கள். நாயனார் தலை குனிகிறார். பாறையின் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்து பிடிக்கிறது. யாருடைய கை? பெருமானுக்கு எத்தனையோ பெயர் இருக்க, சேக்கிழார் அந்த இடத்தில் அவரை வளைத்தழும்பு உடையவர் என்கிறார். வெள்ளத்தைக் கண்டதுமே ஓடிவந்து கட்டிக்கொண்டவளின் தழும்பு அது. அந்தத் தழும்போடுதான், கடைசி வரை தனியே நின்றவரையும் வந்து பிடித்தார். பெய்துகொண்டிருந்த மழை பூமழையாகிப் போயிற்று.

தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது. கூட்டம் கலைந்த பிறகும் நான் இந்தத் திண்ணையில்தான் இருப்பேன். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தால், வந்து உட்காருங்கள்.